ரூமி மஸ்தகியின் ஊர்: கியோஸ் தீவுச் சிற்றூர்களில் வேனில் வரவு

முன்னுரை

நாட்டு மருந்துக் கடைகளிலும் யூனானி மருத்துவர்தம் மருந்துப் பேழைகளிலும் 'ரூமி மஸ்தகி' என்றொரு பொருள் உண்டு. சிறு கண்ணீர்த் துளிகள் உறைந்தாற்போன்ற வெளிர் மஞ்சள் நிறப் பிசின் அது. வாயிலிட்டால் முதலில் நொறுங்கும். மெல்ல மெல்ல மெழுகென இளகிக் குழையும். எம் பாட்டனாராகிய நன்னா, வயிற்றுக் கோளாற்றுக்கென அதனைத் தம் மரப்பெட்டியில் ஒரு துணி முடிப்பில் வைத்திருந்தார். சிறு பருவத்தில் நாம் அதனைக் கேட்டு வாங்கி மென்றதுண்டு. எனினும், அஃது எந்நாட்டில், எவர் கையால் விளைகிறது என்று ஒருநாளும் வினவினோம் அல்லோம்.

விடை அப்பெயரிலேயே அடங்கியிருந்தது. பைசாந்தியப் பேரரசின் நிலப்பகுதியை அரபு மக்கள் 'ரூம்' என வழங்கினர். திருக்குர்ஆனின் 30ஆம் அத்தியாயம் இப்பெயர் தாங்கி நிற்பதை நாம் அறிவோம். ரூம் நாட்டிலிருந்து வந்த மஸ்தகியே 'ரூமி மஸ்தகி' ஆயிற்று. அதன் பிறப்பிடம் இன்று கிரேக்க நாட்டைச் சேர்ந்த கியோஸ் தீவின் தென்பகுதி. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்துக்கொண்டு வாழ்வை நோக்கும் நெறியைத் தொல்காப்பியம் நமக்குக் கற்பித்துள்ளது. அந்நெறி நின்று, வேனில் நெருங்கும் பொழுதில் அத்தீவின் சிற்றூர்களில் நிகழும் அன்றாட வாழ்வை ஈண்டுக் காண்போம்.

நிலமும் பொழுதும்

கியோஸ் ஈஜியன் கடலின் கிழக்கோரத்தில், துருக்கிக் கரைக்கு மிக அண்மையில் உள்ளது. பரப்பு ஏறத்தாழ 842 சதுர கிலோமீட்டர். கிரேக்கத் தீவுகளுள் பரப்பளவில் ஐந்தாவது. அதன் தென்பகுதி சுண்ணாம்புக் கற்கள் மிக்க வறண்ட குன்றுநிலம். மஸ்தகி மரத்தை நம்பி வாழும் பிர்கி, மெஸ்தா, ஒலிம்பி முதலிய ஊர்கள் ஆங்கே உள்ளன. இவ்வூர்களை இருபத்து நான்கு எனக் கணக்கிடுவது மரபு.

அந்நாட்டில் மழை குளிர்காலத்துக்கு உரியது. மே மாதத்தில் புல் பழுக்கத் தொடங்கும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை வானம் பெரும்பாலும் பொய்த்தே நிற்கும். உழவர் விரும்புவதும் அதுவே. கிரேக்க நாட்டுப்புற வழக்கில் ஜூன் மாதத்துக்கு 'அறுவடை செய்வோன்' என்றும், ஜூலை மாதத்துக்குக் 'களத்தில் போரடிப்போன்' என்றும் பொருள்படும் பெயர்கள் உள்ளன. மாதத்தை வானத்தைக் கொண்டன்றி வயலைக் கொண்டு பெயரிட்ட மக்கள் அவர்கள் என்பது இதனால் விளங்கும்.

மே முதல் நாளன்று காட்டுப் பூக்களைக் கொய்து, வளையமாகக் கட்டி, வீட்டு வாயிலில் தொங்கவிடுதல் கிரேக்கரின் வழக்கம். வெயில் ஏற ஏற அம்மாலை வாடிச் சருகாகும். ஜூன் 23 இரவில், யோவான் திருநாளின் முன்மாலையில், தெருவில் தீ மூட்டி அச்சருகினை எரிப்பர். இளைஞர் அத்தீயைத் தாண்டிக் குதிப்பர். பூவில் தொடங்கி நெருப்பில் முடியும் இவ்விடைக்காலமே நாம் நோக்கும் பொழுதாகும்.

ஊரின் அமைப்பு

1346 முதல் 1566 வரை இத்தீவு இத்தாலியின் ஜெனோவா வணிகர் ஆட்சியில் இருந்தது. மஸ்தகி அவர்களுக்குப் பொன்னிகர் பொருள். அதனைக் கடற்கொள்ளையரிடமிருந்து காக்க ஊர்களையே கோட்டைகளாக அமைத்தனர். வெளிவரிசை வீடுகளின் புறச்சுவர்களே மதில். நடுவே உயர்ந்த காவற்கோபுரம். இடையே இருவர் ஒதுங்கிச் செல்லத்தக்க குறுந்தெருக்கள். அவற்றின் மேல் வீட்டையும் வீட்டையும் இணைக்கும் வளைவுகள். பகைவரை மயக்கக் கட்டிய அதே தெருக்கள் இன்று வெயிலிலிருந்து காக்கின்றன. நண்பகலிலும் மெஸ்தாவின் தெருவில் நிழல் உண்டு.

பிர்கியின் வீட்டு முகப்புகள் தனிச்சிறப்புடையன. கருமணல் கலந்த சாந்தினைப் பூசி, அதன்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, ஈரம் காயுமுன் முக்கோணம், சாய்சதுரம், வட்டம் என வரைந்து, முட்கரண்டி போன்ற கருவியால் சுரண்டுவர். சுரண்டிய இடத்தில் அடியிலுள்ள கருமை தோன்றும். 'ஸிஸ்தா' எனப்படும் இக்கலையால் ஊர் முழுவதும் ஒரு கோலப் புத்தகம்போல் விளங்குகிறது.

நாட்பொழுது

வேனில் நெருங்குங்கால் இவ்வூரார் விடியலில் எழுகின்றனர். வெயில் ஏறுமுன் தோட்டத்துப் பணியைப் பெரும்பாலும் முடித்துவிடுதல் வேண்டும். நண்பகல் உணவுக்குப் பின் கதவுப் பலகைகளைச் சாத்தி உறங்குவர். அவ்வேளையில் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் செல்லுதல் பண்பன்று. மாலையில் ஊர் மீண்டும் விழித்தெழும். முதியோர் காப்பிக் கடையில் அமர்ந்து, சிறு கிண்ணத்தில் அடர்ந்த காப்பியையும் உடன் ஒரு குவளைத் தண்ணீரையும் வைத்துக்கொண்டு, தாயக்கட்டை உருட்டிக் காய் நகர்த்தும் 'தாவ்லி' ஆடுவர். பெண்டிர் வாயிற்படிகளில் அமர்ந்து பேசுவர். மஸ்தகி மணக்கும் வெண்ணிற இனிப்புக் குழம்பு ஒரு கரண்டியளவு குளிர்ந்த நீரில் அமிழ்த்தப்பட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும். அதற்கு 'நீர்மூழ்கி' என்பது வேடிக்கைப் பெயர்.

தொழில்

மஸ்தகி மரம் குட்டையானது. பெரும்பாலும் இரண்டு மூன்று மீட்டர் உயரமே வளரும். நட்டு ஐந்தாறு ஆண்டுகள் கழித்தே பிசின் தரத் தொடங்கும். ஆண்டு முழுவதும் பேணினாலும் ஒரு மரம் சில நூறு கிராம் தந்தாலே மிகுதி. இவ்வினத்தைச் சேர்ந்த மரங்கள் மத்தியதரைக் கடற்கரை நெடுகிலும் உள்ளன. ஆயினும் வணிகத்துக்குரிய மஸ்தகியைத் தருவது, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட இத்தீவின் மரமே.

ஜூன் மாதத்தில் மரத்தடியைக் களை நீக்கி, மட்டம் செய்து, பெருக்குவர். பின் சலித்தெடுத்த வெண்ணிறச் சுண்ண மண்ணை வட்டமாகப் பரப்புவர். இவ்வெண்தரையை 'மேசை' என்றே அவர்கள் குறிப்பிடுகின்றனர். விருந்தினர் வருமுன் விரிப்பு விரிப்பதுபோல, துளி விழுமுன் தரையை விரித்து வைக்கின்றனர். ஜூலை நடுவில் கூரிய சிறு கருவியால் பட்டையில் கீறலிடுவர். ஒரே நாளில் எல்லாம் கீறுவதில்லை. கிழமைக்கு ஓரிரு முறையாகப் பல கிழமைகள் கீறுவர். இவ்வினைக்கு அவர்கள் வழங்கும் சொல் 'கெந்திமா'. துணியில் ஊசியால் பூவேலை செய்வதற்கும் அதே சொல்தான். மரத்தைக் காயப்படுத்தும் செயலைப் பூத்தையல் என்று பெயரிட்ட மொழி, அக்கை எத்துணை மென்மையாக இருத்தல் வேண்டும் என்பதையும் உடன் கற்பித்துவிடுகிறது.

கீறலில் ஊறிய பிசின் வெண்தரையில் சொட்டி, இரண்டு மூன்று கிழமைகளில் உறையும். அதன்பின்னரே பொறுக்குவர். இடையில் ஒரு மழை பெய்யுமாயின் உழைப்புப் பாழாகும். ஆதலின் வேனிலில் முகில் திரளக் கண்டால் ஏனைய உழவர் மகிழ, இவர்கள் அஞ்சுவர். பொறுக்கிய துளிகளைச் சலித்து, கழுவி, சிறு கத்தியால் ஒவ்வொன்றாகத் தூய்மை செய்தல் குளிர்கால வேலை. பெண்கள் ஒரு மேசையைச் சூழ்ந்து அமர்ந்து பேசிக்கொண்டே இதனைச் செய்வர்.

இம்மரத்தின் உரிப்பொருள் யாதென ஒருவர் வினவினால், 'காத்திருத்தல்' எனலாம்.

வரலாறு

இப்னு சீனா தம் 'அல்கானூன்' நூலில் மஸ்தகியைப் பேசுகிறார். அமெரிக்கத் தீவுகளைக் கண்ட கொலம்பஸ் 1493ஆம் ஆண்டு மடலில், அதுவரை கியோஸில் மட்டுமே கிடைத்த மஸ்தகியை அங்கிருந்தும் தருவதாக உறுதி கூறினார். துருக்கியர் தீவையே 'சகிஸ்' என்றனர்; பிசினுக்கும் அவர்கள் மொழியில் அதுவே பெயர்.

1566இல் தீவு ஒட்டோமான் ஆட்சிக்குள் வந்தது. மஸ்தகி ஊர்கள் வரியைப் பிசினாகவே செலுத்தின; தனிச் சலுகைகளும் பெற்றிருந்தன. இவ்வுறவின் நல்ல பக்கத்தைக் கூறும் நாம் கொடிய பக்கத்தை மறைத்தல் நீதியன்று. 1822இல், கிரேக்க விடுதலைப் போர்க்காலத்தில், ஒட்டோமான் படையினர் இத்தீவில் பல்லாயிரவரைக் கொன்றனர். பல்லாயிரவரை அடிமைகளாக விற்றனர். மஸ்தகி ஊர்கள் முதலில் விடப்பட்டன. அவ்வாண்டு ஜூனில் கனாரிஸ் என்னும் கிரேக்கர் ஒட்டோமான் தலைமைக் கப்பலைத் தீக்கிரையாக்கிய பின், அவ்வூர்களும் தாக்கப்பட்டன. மரத்தடிக்கு வெண்மண் பரப்பும் அதே பருவம் அது. ஆண்டோர் நம் சமயத்தவர் என்பதால் அவர்தம் கொடுமை கொடுமையன்று என ஆகாது.

1912இல் தீவு கிரேக்கப் படையின் வசமாயிற்று. 1923இல் இரு நாடுகளும் செய்துகொண்ட மக்கள் பரிமாற்றத்தின்படி, கிரேக்க நாட்டு முஸ்லிம்கள் துருக்கிக்கும் அந்நாட்டுக் கிறித்தவர்கள் கிரேக்கத்துக்கும் பெயர்ந்தனர். ஒரு குறுகிய நீர்ப்பரப்பின் இருகரையிலும் பிறந்த மண்ணை நோக்கி ஏங்கும் மனிதர் இருந்தனர்.

இக்காலம்

இடைத்தரகர் கையில் விலை சிக்கியிருந்த நிலையை மாற்ற 1938இல் மஸ்தகி உழவர் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. சில நூறு கிராம் கொண்டுவரும் மூதாட்டியும் தனித்து நின்று வணிகரோடு வாதிட வேண்டிய நிலை அதனால் மாறியது. மஸ்தகி வளர்ப்பு அறிவினை 2014இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2016இல் பிர்கியை அடுத்து ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

எனினும் அச்சம் நீங்கவில்லை. 2012 ஆகஸ்டில் பரவிய பெருந்தீ தென்பகுதி மஸ்தகித் தோட்டங்கள் பலவற்றை அழித்தது. எரிந்த மரத்துக்கு ஈடாக இன்று ஒரு கிளையை நட்டால், முழுப்பயன் காணப் பத்தாண்டுகளுக்கு மேல் செல்லும். அறுபது வயதுக் கிழவர் ஒருவர் அக்கிளையை நடுவாராயின், அது தமக்காக அன்று என்பதை அறிந்தே நடுகிறார். இளையோர் ஊரில் தங்குவார்களா என்பதே அவ்வூர்களின் பெருங்கேள்வி.

நிறைவுரை

நன்னாவின் துணி முடிப்பில் இருந்தது ஒரு மருந்து மட்டுமன்று. ஒரு வேனில் முழுவதும் குனிந்து நின்ற முதுகுகளின் உழைப்பு என்பதை நாம் மிகக் காலந்தாழ்ந்தே உணர்ந்தோம். அவருக்கும் அவ்வூராருக்கும் மொழி வேறு, சமயம் வேறு. இடையே ஒரு பிசின் துளி இருந்தது. அதன் பெயரில் முகவரியும் இருந்தது.

மாணவச் செல்வங்களே, சொற்பொருள் ஆராய்ச்சி என்பது தேர்வுக்குரிய பாடம் மட்டுமன்று. உங்கள் இல்லத்து அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு பொருளும் எவ்வூரது, எவர் விளைத்தது என வினவுங்கள். நாம் வினவத் தவறியதை நீவிராவது வினவுதல் வேண்டும். நன்னா இருந்தபோதே கேட்டிருந்தால், 'ரூமி' என்ற சொல்லுக்கு அவர் என்ன விளக்கம் தந்திருப்பாரோ!