விடை தரும் மேக்ரோ: அசெம்ப்ளிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

தாராசுரத்திலிருந்து பஸ் ஏறி கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். 8086 கிட்டில் ஹெக்ஸ் எண்களைத் தட்டிப் பழகிவிட்டு மாஸ்ம் அசெம்பிளர் பக்கம் வந்தவுடன் மேக்ரோ மேல் ஒரு மோகம் வரும். வரட்டும். ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

1. மேக்ரோ எப்போது வேலை செய்கிறது? நம் ஊர்ப் பட்டுத்தறியை நினைத்துக்கொள்ளுங்கள். ஜக்கார்டு அட்டையில் துளை போடுகிறவர் தன் கணக்கையெல்லாம் முன்பே முடித்துவிடுகிறார். தறி மிதிக்கும்போது துளை மட்டுமே இருக்கும், கணக்கு இருக்காது. மேக்ரோ அட்டை அடிக்கும் வேலை, அசெம்பிள் செய்யும்போதே முடிந்துவிடும். புரொசீஜர் தறியில் நடக்கும் வேலை, நிரல் ஓடும்போது நடப்பது. புரொசீஜர் தன் விடையை வழக்கமாக ஈஏஎக்ஸ் ரெஜிஸ்டரில் விட்டுவிட்டுத் திரும்பும். மேக்ரோ திருப்பித் தருவது வெறும் எழுத்து. அழைத்த இடத்தில் அந்த எழுத்து வந்து உட்காரும், அவ்வளவுதான்.

2. மாஸ்மில் மேக்ரோவை முடிக்கும் எக்ஸிட்எம் என்ற உத்தரவுக்குப் பக்கத்தில், கோண அடைப்புக்குள் எதை எழுதுகிறீர்களோ அதுவே விடை. அழைக்கும்போது பெயரை அடுத்து வளைவு அடைப்பு போட்டே ஆக வேண்டும், உள்ளே கொடுக்க ஒன்றும் இல்லாவிட்டாலும்.

3. எண்ணைத் திருப்ப வேண்டுமானால் சதவீதக் குறியை மறக்காதீர்கள். ஃபேக்டோரியல் கணக்கிடும் மேக்ரோ நல்ல பயிற்சி: லோக்கல் பெயர் ஒன்றை வைத்து, வைல் சுற்றுக்குள் பெருக்கிக்கொண்டே போய், கடைசியில் அந்தப் பெயருக்கு முன் சதவீதக் குறி போட்டுத் திருப்புங்கள். குறி இல்லையென்றால் எண்ணுக்குப் பதில் பெயரே வெளியே வரும். சில இடங்களில் அதுவும் ஓடித் தொலைக்கும், அதனால்தான் பிழை சீக்கிரம் பிடிபடுவதில்லை. சரியாக எழுதினால் 12-க்கு 479001600 என்ற மாறிலி மட்டும் நிரலில் நிற்கும். ஓடும் நேரத்தில் ஒரு பெருக்கல்கூடக் கிடையாது. 13-க்கு விடை 6227020800. அது 32 பிட்டில் அடங்காது.

4. வர்க்கம் தரும் மேக்ரோவில் எக்ஸ் பெருக்கல் எக்ஸ் என்று மொட்டையாக எழுதாதீர்கள். 2+3 என்று கொடுத்தால் 25 வராது, 11 வரும். ஒவ்வொரு எக்ஸையும் அடைப்புக்குள் வையுங்கள்.

5. பலர் விழும் குழி இதுதான். சில மேக்ரோக்கள் உள்ளே ஒரு புரொசீஜரை அழைக்கும் உத்தரவை எழுதிவிட்டு, ஈஏஎக்ஸ் என்ற பெயரை விடையாகத் தரும். மாஸ்முக்கான மாஸ்ம்32 தொகுப்பில் இந்த வகை உண்டு. புரொசீஜரை அழைக்கும் ஒரே இன்வோக் வரியில் அப்படி இரண்டைப் போட்டுப் பாருங்கள். இரண்டு அழைப்புகளும் வரிக்கு முன்னால் விரிந்து, ஒன்றன்பின் ஒன்றாக ஓடி முடிந்துவிடும். பிறகுதான் ஸ்டாக்கில் தள்ளும் வேலை. அதற்குள் முதல் விடையை இரண்டாவது அழித்திருக்கும். இரண்டு இடத்துக்கும் இரண்டாவது விடையே போய்ச் சேரும். அசெம்பிளர் ஒரு வார்த்தை முணுமுணுக்காது. முதல் விடையை ஒரு மாறியில் எடுத்து வைத்துவிட்டு அடுத்ததை அழையுங்கள். வரி ஒன்று கூடினால் குடி முழுகிப் போகாது.

6. சரத்தை டேட்டா பகுதியில் வைத்து, அதன் முகவரியைத் திருப்பும் மேக்ரோ மிகவும் வசதி. ஆனால் அதே சரத்தை இருபது இடத்தில் எழுதினால் இருபது நகல் சேரும். வேலை முடிந்ததும் அந்த மேக்ரோ கோடு பகுதிக்கே திரும்பும் என்பதையும் நினைவில் வையுங்கள். நீங்கள் வேறு பகுதியில் இருந்தால் அது கேட்டுக்கொண்டு திரும்பாது.

7. நாஸ்ம் என்ற இன்னொரு அசெம்பிளருக்குப் போனால் பழக்கத்தை மாற்றுங்கள். அங்கே பல வரி மேக்ரோவைக் கணக்குக் கோவைக்கு நடுவில் வைக்க முடியாது. ஒற்றை வரி டிஃபைன் மட்டுமே அங்கே உட்காரும். லினக்ஸ் பக்கத்து அசெம்பிளரான காஸிலும் மேக்ரோ ஒரு கட்டளை வரியாகத்தான் நிற்கும். விடையை ஒரு குறியீட்டுப் பெயரில் செட் செய்துவிட்டு அடுத்த வரியில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

8. ஓடும் நேரத்தில் மட்டுமே தெரியும் மதிப்பு, பத்து இடத்தில் தேவை என்றால் புரொசீஜர் எழுதுங்கள். அங்கே மேக்ரோ வெறும் பகட்டு.

9. அசெம்பிளர் தரும் லிஸ்டிங் கோப்பை எடுத்துப் படியுங்கள். மாஸ்மில் லிஸ்ட்மேக்ரோஆல் போட்டால் மேக்ரோ விரிந்த ஒவ்வொரு வரியும் அதில் தெரியும். அதைப் பார்க்காமல் உங்கள் மேக்ரோவை இன்னொருவர் கையில் கொடுக்காதீர்கள்.