ஆஸ்டெக் கடவுளுக்கு ஆட்டுக்கால் முளைத்தது எப்படி?

கேள்வி: பழைய ஐரோப்பிய நூல் ஒன்றின் படத்தைப் பார்த்தேன். மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்களுடைய போர்க்கடவுள் உவிட்சிலோபோச்ட்லி என்று போட்டிருந்தது. வௌவால் இறக்கை, ஆட்டுக்கால், வயிற்றில் இன்னொரு முகம்! அவர்கள் இப்படி ஓர் உருவத்தையா கும்பிட்டார்கள்?

பதில்: இல்லை. நீங்கள் பார்த்தது ஐரோப்பியர்களின் சாத்தான். 1671இல் ஆர்னோல்டஸ் மொண்டானஸ் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட அமெரிக்கா பற்றிய நூலின் செப்புத்தகட்டுப் படமாகவோ அதன் நகலாகவோ இருக்கும். மொண்டானஸ் அமெரிக்கா பக்கம் போனதே இல்லை. அதே ஆண்டு ஜான் ஓகில்பி லண்டனில் கொண்டுவந்த நூலும் அந்தப் படங்களையே பயன்படுத்தியது.

இத்தனைக்கும் இந்தத் தெய்வத்தின் சிலை பற்றிய விவரமான வர்ணனை முன்பே அச்சில் இருந்தது. ஹோசே டி அக்கோஸ்டா என்ற இயேசு சபைப் பாதிரியார் 1590இல் வெளியிட்ட நூலில் அது வருகிறது: நீல இருக்கை, அதன் மூலைகளில் பாம்புத்தலைக் கம்புகள், பறவை அலகு போன்ற இறகு முடி, இடக்கையில் கேடயம், வலக்கையில் பாம்பாய் நெளியும் நீலத் தடி. ஆட்டுக்கால் இல்லை, வௌவால் இறக்கையும் இல்லை. ஆனால் இந்த வழிபாடெல்லாம் பிசாசின் ஏற்பாடு என்பதே அக்கோஸ்டாவின் முடிவு. படம் செதுக்கியவர்கள் வர்ணனையை விட்டுவிட்டு அந்த முடிவைப் பிடித்துக்கொண்டார்கள். பிசாசு என்றால் எப்படியிருக்கும் என்பது அவர்களுக்குத் தேவாலய ஓவியங்களிலிருந்து மனப்பாடம்.

நம் பக்கத்துத் தெய்வமும் தப்பவில்லை. கோழிக்கோட்டில் பிசாசை வணங்குகிறார்கள் என்று இத்தாலியப் பயணி வர்த்தேமா எழுதினார். 1515இல் ஆக்ஸ்பர்க் நகரில் வந்த அவரது நூலின் ஜெர்மன் பதிப்பில், ஓவியர் யோர்க் ப்ராய் மனிதரைத் தின்னும் பிசாசாகவே அதை வரைந்துவிட்டார்.

விதிவிலக்கும் உண்டு. 1615இல் பதுவா நகரில் லொரென்சோ பிஞ்ஞோரியா என்பவர், கார்த்தாரி என்பவரின் தெய்வ உருவ நூலுக்கு ஒரு பின்னிணைப்பு எழுதினார். அதிலுள்ள மெக்சிகோ தெய்வங்கள், வத்திக்கானில் இருந்த ஓவியச் சுவடி ஒன்றைத் தழுவியவை. சாத்தான் சாயல் அவற்றில் குறைவு.

பெர்னார்டினோ டி சகாகுன் மெக்சிகோவின் உள்ளூர் அறிஞர்களையும் ஓவியர்களையும் வைத்து உருவாக்கிய புளோரன்ஸ் சுவடிக்கு இப்படி அச்சில் வெளிவரும் வாய்ப்பும் அப்போது கிடைக்கவில்லை. பூர்வகுடிகளின் பழைய வழக்கங்களை எழுதக் கூடாது என்று 1577இல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் உத்தரவிட்டார். சகாகுனின் நூல் அச்சேற 19ஆம் நூற்றாண்டு ஆனது.

எனவே இத்தகைய படம் கண்ணில் பட்டால், செதுக்கியவர் எதைப் பார்த்துச் செதுக்கினார் என்று முதலில் கேளுங்கள். புளோரன்ஸ் சுவடி இப்போது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் முதல் நூலில் முதலில் வருபவரே உவிட்சிலோபோச்ட்லிதான். ஒப்பிட்டுப் பாருங்கள்.