மாமியார் காதிலும் விழட்டும்

அன்புள்ள தங்கைக்கு,

மகப்பேறு மேற்படிப்பை முடித்துவிட்டுக் கும்பகோணத்தில் பணியில் சேரப்போவதாக எழுதியிருந்தாய். அங்கே பெண்கள் குழந்தை வேண்டித் திருக்கருகாவூர் கோயில் நெய்யைச் சாப்பிட்டுக்கொண்டே உன்னிடமும் வருவார்கள். நெய்யை நிறுத்தச் சொல்லாதே. ஃபோலிக் ஆசிட் மாத்திரையையும் கூடச் சேர்த்துக்கொள்ளச் சொல், போதும்.

உலகில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் குழந்தையின்மையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது. உறுதியான கர்ப்பங்களில் சுமார் ஏழில் ஒன்று கலைகிறது. இதெல்லாம் நீ படித்ததுதான். யார் முன்னால், எப்போது சொல்வது என்பதைத்தான் கல்லூரியில் சொல்லித்தருவதில்லை.

ஸ்கேனில் துடிப்பு இல்லை என்று தெரிந்த கையோடு சொல்லாதே. "இது நிறையப் பேருக்கு நடக்கிறதுதாம்மா" என்பது அந்த நேரத்தில், "சீக்கிரம் எழுந்திரு, அடுத்த ஆள் காத்திருக்கு" என்றுதான் அவளுக்குக் கேட்கும். கொஞ்சம் பொறு. அவளே கேட்பாள்: "பப்பாளி சாப்பிட்டேன், ஸ்கூட்டியில போனேன், அதனாலயா டாக்டர்?" அப்போது சொல். முதல் மூன்று மாதத்தில் கலைவதில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் கோளாறுதான் காரணம்; கரு உருவாகும்போதே முடிவாகிவிட்ட விஷயம். வண்டியும் பப்பாளியும் அதில் வரவே இல்லை.

அவள் சம்மதித்தால், வெளியே பெஞ்சில் இருக்கும் மாமியாரையும் கூப்பிட்டு இதையே சொல். வீட்டில் மருமகள் சொன்னால் எடுபடாது, டாக்டரம்மா சொன்னால் எடுபடும். மாமியார்களை நான் குறை சொல்லவில்லை. "எனக்கும் மூத்தவனுக்கு முன்னால ரெண்டு தங்கல" என்று மருமகளிடம் அதுவரை சொல்லாததை உன் அறையில் சொல்லிவிடுகிறவர்களும் உண்டு. அதற்குமேல் நீ பேச வேண்டியிருக்காது.

குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. ஆனால் ஹார்மோன், கருக்குழாய் எக்ஸ்ரே, லேப்ராஸ்கோப்பி என்று மனைவிக்கு எல்லாம் முடிந்த ஃபைலில் கணவரின் விந்தணுப் பரிசோதனைத் தாள் மட்டும் இருக்காது. செலவும் குறைவு, வலியும் கிடையாது. முதல் நாளே இருவருக்கும் எழுதிக்கொடு. அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இன்னொன்று. கணவர் துபாயில் இருந்து வருடத்துக்கு ஒரு மாதம் வந்துபோகிறவராக இருப்பார். "கல்யாணமாகி மூணு வருஷம்" என்பார்கள். சேர்ந்து வாழ்ந்த மாதங்களை எண்ணிப் பார், மூன்றுதான் வரும். பன்னிரண்டு மாதம் முயன்றும் தங்காதபோதுதான் குழந்தையின்மை என்கிறோம். அவளுக்கு அந்தப் பெயரை வைக்க அவசரப்படாதே. ஆனால் வயது 35 தாண்டியிருந்தால் காத்திருக்கவும் வைக்காதே.

கரு கலைந்த பெண்ணை, பிறந்த குழந்தைகள் அழும் வார்டில் படுக்கவைக்காதே. கட்டில் இல்லை என்பார்கள். சண்டை போட்டாவது வேறு இடம் வாங்கு.

வேலைக்குப் போகிறவளா என்று கேள். கரு கலைந்தால் ஊதியத்துடன் ஆறு வார விடுப்பு என்று 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் தொட்டே இருக்கிறது. அது தெரியாமல், காய்ச்சல் என்று இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு மில்லுக்கும் கடைக்கும் திரும்புகிறவர்கள் அதிகம். அவள் கேட்கட்டும் என்று இருக்காதே. டிஸ்சார்ஜ் தாளோடு சான்றிதழையும் எழுதிக் கையில் கொடு. கரு கலைந்த தேதியைத் தெளிவாகப் போடு, அதற்கு மறுநாளிலிருந்துதான் விடுப்பு எண்ணப்படும்.

அன்புடன்,
அக்கா