காடும் மூச்சு விடும்

தம்பி தங்கைகளே, புகைமூட்டத்தால் பள்ளிக்கூடம் மூடிய நாள் ஞாபகம் இருக்கா? எனக்கு இருக்கு. காரணத்தை மண்ணுக்குள்ளே தேடுவோம்.

மண்துளைகளில் வாயு பெரும்பாலும் தானாகப் பரவித்தான் நகரும். காற்று பலமாக வீசினால், காட்டுத் தரையில் அழுத்தம் சில பாஸ்கல் ஏறி இறங்கும். மொத்த அழுத்தமோ சுமார் 101,300 பாஸ்கல்! அந்தச் சின்ன அசைவே துருத்தி மாதிரி வாயுவை முன்னும் பின்னும் தள்ளி, நகர்வை வேகமாக்கும். ஜெர்மனியில் பிரைபர்க் பல்கலைக்கழகத்தார் பைன் காட்டில் இதை அளந்திருக்கிறார்கள்.

நம்ம கோல சிலாங்கூர் ராஜா மூசா காட்டில் இருப்பது பீட் மண். துளைகளில் தண்ணீர் நிறைந்திருந்தால் துருத்திக்கு வேலையில்லை. காற்றைவிடத் தண்ணீரில் வாயு பரவுவது சுமார் 10,000 மடங்கு மெதுவு. கால்வாய் வெட்டி நீர் வடிந்தாலோ பிராணவாயு உள்ளே போகும், மண் மக்கும். தீப்பிடித்தால் அடியிலேயே கனன்றுகொண்டிருக்கும். அதனால்தான் அங்கே கால்வாய்களை அடைத்து நீரைத் தேக்குகிறார்கள். மரம் நடப் போனால், முதலில் தண்ணீர் மட்டத்தைப் பாருங்க.