முயற்சித் தீர்வு காணாமல் போவது ஏன்?

கேள்வி: ஒய்″ + 4ஒய் = 8 சைன் 2எக்ஸ் என்ற சமன்பாட்டில், தீர்மானிக்கப்படாத கெழுக்கள் முறைப்படி ஏ கொசைன் 2எக்ஸ் + பி சைன் 2எக்ஸ் என்று எடுத்துப் பிரதியிட்டால் ஏ, பி இரண்டுமே மறைந்து 0 = 8 சைன் 2எக்ஸ் என்று நிற்கிறது. எக்ஸால் பெருக்கிக்கொண்டால் விடை வருகிறது. ஏன்?

பதில்: இடப்பக்கக் கெழுக்கள் மாறிலிகளாகவும், வலப்பக்கச் சார்பை எத்தனை முறை வகையிட்டாலும் அதே சில உறுப்புகளே திரும்ப வருவதாகவும் இருந்தால்தான் இந்த முறை செல்லும். சைனை வகையிட்டால் கொசைன், கொசைனை வகையிட்டால் மீண்டும் சைன். குடும்பம் அதோடு முடிந்தது. பல்லுறுப்புக் கோவையும் அடுக்குக்குறிச் சார்பும் அப்படியே. டேன் எக்ஸ், 1/எக்ஸ் போன்றவை இதற்கு அடங்காதவை.

வினாவில் உள்ள சிக்கல் வேறு. வலப்பக்கத்தை 0 ஆக்கினால் கிடைக்கும் நிரப்புச் சார்பிலேயே கொசைன் 2எக்ஸும் சைன் 2எக்ஸும் இருக்கின்றன. ஆகவே ஏ, பிக்கு எந்த மதிப்பைக் கொடுத்தாலும் இடப்பக்கம் 0தான். எந்த வலப்பக்கத்துக்கு எந்த முயற்சித் தீர்வு என்ற அட்டவணையை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் வழுக்கும் இடம் இதுவே. நிரப்புச் சார்பை முதலில் கண்டுவிட்டால் வழுக்காது.

எக்ஸ் எங்கிருந்து வருகிறது? இருமுறை வகையிட்டு, அதோடு மூலச் சார்பின் 4 மடங்கைக் கூட்டும் செயலை வலப்பக்கத்தின் மீதும் செய்தால் 8 சைன் 2எக்ஸும் 0 ஆகிவிடும். எனவே தேடும் தீர்வு, அச்செயலை அடுத்தடுத்து இருமுறை செய்தால் 0 தரும் நான்காம் வரிசைச் சமன்பாட்டையும் நிறைவு செய்கிறது. அதன் துணைச் சமன்பாட்டில் ஒவ்வொரு மூலமும் இருமுறை வரும். இரட்டை மூலம் வந்தால் எக்ஸ் பெருக்கிய தீர்வும் கூடவே வரும்.

எக்ஸ்(ஏ கொசைன் 2எக்ஸ் + பி சைன் 2எக்ஸ்) என்று பிரதியிட்டால், எக்ஸ் உள்ள உறுப்புகள் அடிபட்டு −4ஏ சைன் 2எக்ஸ் + 4பி கொசைன் 2எக்ஸ் மிஞ்சும். ஏ = −2, பி = 0. சிறப்புத் தீர்வு −2எக்ஸ் கொசைன் 2எக்ஸ்.

எக்ஸை நேரமாகக் கொண்டால், இது உராய்வில்லாத சுருள்வில்லை அதன் இயல்பு அதிர்வெண்ணிலேயே ஆட்டும்போது வீச்சு ஏறிக்கொண்டே போகும் ஒத்ததிர்வு. உராய்வைக் குறிக்கும் ஒய்′ உறுப்பு சேர்ந்துவிட்டால் மூலங்கள் மாறும், எக்ஸ் தேவைப்படாது.

தொடக்க நிபந்தனைகளை, நிரப்புச் சார்பும் சிறப்புத் தீர்வும் சேர்ந்த முழுத் தீர்வில்தான் பிரதியிட வேண்டும். எக்ஸ் = 0 எனும்போது ஒய், ஒய்′ இரண்டும் 0 என்றால், விடை சைன் 2எக்ஸ் − 2எக்ஸ் கொசைன் 2எக்ஸ். நிரப்புச் சார்பில் மட்டும் பிரதியிட்டால் அந்த சைன் 2எக்ஸ் தவறிப்போகும்.