சோகையைக் கணக்கிடுவது எவ்வாறு?

“நம் நாட்டு இளம்பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சோகை” என்று செய்தித்தாளில் படிக்கிறோம்; வருந்துகிறோம்; பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அக்கணக்கை எவ்வாறு எடுத்தனர் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. தில்லிக்கு வந்து முதுகலை அறிவியல் பயிலும் நானும் சென்ற ஆண்டு வரை அப்படித்தான் இருந்தேன்.

சோகை என்பது யாது? குருதியின் சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபின் என்னும் பொருளே உயிர்வளியை உடலெங்கும் சுமந்து செல்கிறது. 12 முதல் 14 வயதுள்ள சிறார்க்கும், அதற்கு மேற்பட்ட, கருவுறாத பெண்களுக்கும் 100 மில்லிலிட்டர் குருதியில் அது 12 கிராமுக்குக் குறையலாகாது. 15 வயது நிரம்பிய ஆண்களுக்கு எல்லை 13 கிராம். குறைந்தால் சோகை.

இனி ஒரு புதிரைப் பாருங்கள். 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு, 15–19 வயதுப் பெண்களுள் நூற்றுக்கு 59 பேருக்குச் சோகை என்றது. 2016–18இல் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வோ, 10–19 வயதுப் பெண்களுள் நூற்றுக்கு 40 பேர் என்றது. வயது வரம்பு வேறு என்பது உண்மையே. ஆயினும் மற்றொரு வேறுபாடும் உண்டு. முன்னது விரல்நுனியைக் குத்தித் துளிக்குருதியை அளந்தது. பின்னது சிரையிலிருந்து எடுத்து ஆய்வுக்கூடத்தில் அளந்தது.

விரல்நுனியில் என்ன பிழை நேரும்? அதை நானே செய்தேன். ஒரு பள்ளி முகாமுக்கு உதவியாளனாகச் சென்றிருந்தேன். அவர்கள் மொழி எனக்குச் சரிவர வராது. “வலிக்காது” என்ற சொல் மட்டும் நன்கு பழகியிருந்தது. வரிசை நீண்டது. துளி வராத விரல்களை அவசரத்தில் பிதுக்கினேன். பிதுக்கினால் திசுநீர் குருதியோடு கலந்துவிடும். நீர் கலந்த பாலைப் போல அளவு குறைந்து காட்டும். பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்கு 11.6 வந்தது. சோகை என்று எழுதினேன். பின்னர்ச் சிரையில் எடுத்துப் பார்க்க, 12.3!

அரை கிராம், முக்கால் கிராம்தானே என்று தள்ளலாகாது. பலருடைய அளவு எல்லைக்கோட்டின் அருகிலேயே குவிந்திருப்பதால், சிறு பிழையும் பெருங்கூட்டத்தைக் கோட்டின் அப்பக்கம் தள்ளிவிடும். இலட்சம் பேரை அளந்தாலும் இப்பிழை தீராது. கோணல் தராசில் எத்தனை முறை நிறுத்தாலும் எடை கோணலே.

அப்படியானால் சோகை வெறும் கணக்குப் பிழையா? அன்று. அதே வரிசையில் நின்ற இன்னொருத்திக்கு விரலில் 7.4, சிரையில் 7.6. படியேறினால் மூச்சு வாங்கும் அவளை வீட்டில் சோம்பேறி என்றே அழைத்தனராம். என் ஏட்டில் இவ்விருவரும் ஆளுக்கு ஓர் எண், அவ்வளவே!

ஆகவே, ஒரு விழுக்காட்டைக் காணும்போது மூன்று வினாக்களைக் கேளுங்கள்: எந்த வயதினர்? குருதியை எங்கிருந்து எடுத்தனர்? கடுஞ்சோகை உடையோர் எத்துணைப் பேர்?

முதற் சிறுமியின் பெயருக்கு எதிரே எழுதியதை அடித்தேன். இரண்டாமவளை மருத்துவரிடம் சேர்த்தோம். இரண்டும் கணக்கெடுப்பவன் கடமையே.