கிடைக்காரர் கிளம்பிவிட்டால்

அன்பு மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய கூழைக்கடாப் படங்களைப் பார்த்தேன். அந்தி வெளிச்சம் உன் கைக்கு வந்துவிட்டது. அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் கடைசிப் படத்தில் வானம் கன்னங்கரேலென்று கிடக்கிறது, மின்னல் கொடி ஒன்று ஓடுகிறது. கண்மாய்க் கரைமேல் நின்றுதானே எடுத்தாய்? அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

இதுவரை உன்னிடம் சொல்லாததைச் சொல்கிறேன். உன் வயதில் ஒரு ஐப்பசி மாதம், சிக்கல் ஊரிலிருந்து பைக்கில் மேலச்செல்வனூர் கண்மாய்க்குப் போயிருந்தேன். 593 ஹெக்டேர் சரணாலயம். கரைமேல் ஏறி நின்றால் நாமும் ஒரு பனைமரம்தான். நத்தைகுத்தி நாரைகள் நிறைய இறங்கியிருந்தன. மேற்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு மழை இல்லை. திடீரென்று வெக்கை அடங்கிச் சில்லென்று காற்று முகத்தில் அடித்தது. எனக்கு அது சுகமாக இருந்தது. கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கிடைக்காரர், "தம்பி, காத்து மாறிருச்சு, இறங்குங்க" என்று சொல்லிவிட்டு ஆடுகளை முடுக்கினார். அஞ்சே நிமிசம் என்றேன்.

கை மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. முக்காலியிலிருந்து வண்டு ரீங்கரிப்பதுபோல் ஒரு சத்தம். அப்புறம் வெளிச்சமும் இடியும் ஒன்றாக வந்தன. கண் திறந்தபோது மண்ணில் கிடந்தேன். இடது காதில் ஒன்றும் கேட்கவில்லை, கால் இரண்டும் மரத்திருந்தன. கூப்பிடு தூரத்துப் பனை உச்சி முதல் அடிவரை பிளந்து, வெள்ளை நார் தெரிய ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

மின்னல் பனையோடு நின்றுவிடுவதில்லை, மாப்பிள்ளை. மண்ணில் பரவி, ஒரு கால் வழியே ஏறி மறு கால் வழியே இறங்கும். ஒரே மரத்தடியில் ஆடுகள் கூட்டமாகச் சாவது இதனால்தான். அந்தச் சில்லென்ற காற்றும் மேகத்துக்குள்ளிருந்து இறங்கி, மழைக்கு முன்னால் ஓடி வருவது. அது உன்னைத் தொடும்போது இடி எட்டும் தூரத்தில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து அன்றைய படங்களை வரிசையாக ஓட்டினேன். ஒவ்வொரு படத்திலும் நாரைகள் குறைந்துகொண்டே வந்தன. கடைசிப் படத்தில் ஒன்றுகூட இல்லை. அத்தனையையும் எடுத்தது நான்தான். அவை கிளம்பிப் போனது என் கண்ணில் படவில்லை. கேமராவில் கண்ணை வைத்துவிட்டால் கட்டத்துக்கு வெளியே உலகம் இல்லை என்றாகிவிடுகிறது. எனக்குப் பயமே அதுதான்.

அனுபவம் காப்பாற்றும் என்று நினைக்காதே. அமெரிக்காவில் டிம் சமரஸ் என்பவர் சூறாவளிகளை ஆராய்ந்தவர், மின்னல் விழும் கணத்தைப் படம் பிடிக்கவே தனிக் கேமரா வைத்துப் பாடுபட்டவர். 2013 மே 31 அன்று எல் ரெனோ சூறாவளியில் தன் மகனோடும் கூட்டாளியோடும் மாண்டுபோனார். நம் நாட்டிலோ 2022இல் மட்டும் மின்னலுக்கு 2,800 பேருக்கு மேல் பலி. வயலிலும் மேய்ச்சலிலும் நின்ற ஏழைபாழைகள்தான் அதில் அதிகம். அவர்களுக்கு வேலையை விட்டு ஓட வழியில்லை. உனக்கு இருக்கிறது.

மின்னலைக் கண்டால் எண்ணத் தொடங்கு. மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் முழங்கினால் கிளம்பிவிடு. கடைசி முழக்கம் கேட்டு அரை மணி ஆகும்வரை கரை ஏறாதே. பனை, ஒற்றைக் கருவேலம், தகரக் கொட்டகை எதுவும் ஒதுங்க இடமில்லை, பைக்கும் காப்பாற்றாது. நல்ல கட்டடம், இல்லையென்றால் கண்ணாடி ஏற்றிய கார். கார்பன் முக்காலி என்றாலும் மின்சாரம் பாயும். போட்டுவிட்டு ஓடு, வேறு வாங்கித் தருகிறேன். போனில் 'தாமினி' செயலியை ஏற்றிக்கொள். பக்கத்தில் மின்னல் வெட்டினால் எச்சரிக்கும். அதற்கும் முன்னால் கிடைக்காரரைப் பார். அவர் கிளம்பினால் நீயும் கிளம்பு.

ஐப்பசியில் கார் எடுத்துக்கொண்டு வருகிறேன், செல்வனூருக்குச் சேர்ந்தே போவோம். அந்தப் பனை மொட்டையாக இன்னும் நிற்கிறது. உச்சிப் பொந்தில் கிளி குஞ்சு பொரித்திருப்பதாகச் சொன்னார்கள். வானம் வெளுத்த ஒரு காலையில் அதை நீ எடுக்க வேண்டும்.

உன் மாமா